பச்சைப் பிள்ளைக்கு ஊர் நினைவிருக்குமா?

"ரெண்டு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியப் போகுது? வளர்ந்த பிறகு ஒண்ணுகூட ஞாபகம் இருக்காது. கொஞ்சம் பெரிசாகட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போகலாம்."

கைக்குழந்தையோடு சொந்த ஊருக்குப் புறப்படும் பெற்றோர் பலரும் இதைக் கேட்டிருப்பார்கள். சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ராத்திரி முழுக்கப் பயணம், விடிந்ததும் இன்னொரு வண்டி, புதுத் தண்ணீர், புது முகங்கள். இத்தனை பாடுபட்டுக் கூட்டிப் போயும் பிள்ளைக்கு எல்லாம் மறந்துதான் போகும் என்றால், எதற்காகப் போக வேண்டும்?

உளவியலும் நரம்பியலும் நூறாண்டுக்கும் மேலாக இந்தக் கேள்வியைத் துருவிக்கொண்டிருக்கின்றன. பிள்ளை மறக்கும் என்பது உண்மைதான். ஆனால் எதை மறக்கிறது, எப்போது மறக்கிறது, எது தங்குகிறது என்று பார்த்துக்கொண்டே போனால், அதில் பெரியவர்களுக்கு இருக்கும் பங்கு புலப்படும். அந்தப் பங்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1893இல் அமெரிக்காவில் கரோலின் மைல்ஸ் என்பவர் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதில்களைத் திரட்டினார். உங்கள் வாழ்க்கையின் முதல் நினைவு எது, அப்போது உங்களுக்கு என்ன வயது? பதில்களின் சராசரி மூன்று வயதை ஒட்டி வந்தது. இதற்குக் 'குழந்தைப் பருவ மறதி' என்று பிறகு பெயர் வைத்தவர் ஃபிராய்டு. அதற்குப் பின் எத்தனையோ முறை இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். மேற்கு நாடுகளில் விடை மூன்றுக்கும் மூன்றரைக்கும் நடுவிலேயே நிற்கிறது.

இதை வைத்து, மூன்று வயதுக்கு முன் குழந்தைக்கு நினைவாற்றலே கிடையாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இரண்டரை வயதுப் பிள்ளை, எப்போதோ திருவிழாவில் உடைந்த பலூனைத் திடீரென்று நினைத்துக்கொண்டு அழுவதை யாரும் பார்த்திருக்கலாம். நினைவு இருக்கிறது. அது எப்போது கரைகிறது என்பதுதான் விஷயம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரீஷியா பாவரும் மரினா லார்கினாவும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. மூன்று வயதுக் குழந்தைகள், தங்களுக்கு நடந்த நிகழ்ச்சிகளைப் பற்றித் தாயோடு பேசியதை முதலில் பதிவு செய்துகொண்டார்கள். பிறகு அந்தக் குழந்தைகளில் ஒரு சாராரிடம் ஐந்து வயதில், இன்னொரு சாராரிடம் ஆறு வயதில் என்று ஒன்பது வயது வரை பிரித்துப் பிரித்து அதே நிகழ்ச்சிகளைக் கேட்டார்கள். ஐந்து முதல் ஏழு வயதுக்குள் கேட்கப்பட்டவர்கள் 60 சதவீதமும் அதற்கு மேலும் நினைவு வைத்திருந்தார்கள். எட்டு, ஒன்பது வயதுக்காரர்களிடம் அது 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

ஆக, மூன்று வயதில் ஊருக்குப் போய்வந்த பிள்ளையின் மனத்தில் அந்தப் பயணம் இன்னும் நான்கைந்து வருடம் உயிரோடு இருக்கிறது. அந்த நான்கைந்து வருடத்தில் நாம் என்ன செய்கிறோம்? இந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

ஏன் கரைகிறது என்பதற்கு ஒரு விளக்கம் மூளைக்குள் இருக்கிறது. நிகழ்ச்சிகளை இடத்தோடும் நேரத்தோடும் கோத்து வைப்பது ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. கனடாவின் டொரண்டோ நகரில் ஷீனா ஜோஸ்லினும் பால் ஃபிராங்க்லாண்டும் எலிகளிடம் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. குட்டிப் பருவத்தில் அந்தப் பகுதியில் புது நரம்பணுக்கள் மிக வேகமாக முளைக்கின்றன. முளைப்பவை பழைய இணைப்புகளின் ஊடே புகுந்து பாதையை மாற்றிவிடுகின்றன. அந்த வளர்ச்சியை மட்டுப்படுத்தினால், குட்டிகள் கற்றதை அதிக நாள் நினைவில் வைத்திருந்தன. குழந்தை மறப்பதற்கு அதன் மூளை வளர்வதே காரணமாக இருக்கலாம் என்பது எனக்கு ஆறுதல் தரும் செய்தி.

அதே குழு 2018இல் இன்னொன்றும் செய்தது. எலிக்குட்டி ஒன்றைக் கற்கும்போது எந்த நரம்பணுக்கள் வேலை செய்தன என்று அடையாளமிட்டு வைத்தார்கள். வளர்ந்து, மறந்தும் போன பிறகு, அதே அணுக்களை ஒளியால் தூண்டினார்கள். மூன்று மாதம் கழித்தும் நினைவு திரும்பி வந்தது. அழிந்துபோனது என்று நினைத்தது அழியவில்லை, போய்ச் சேரும் வழிதான் அடைபட்டிருந்தது. மனிதக் குழந்தையிடம் இப்படிச் சோதிக்க முடியாது. ஆனால் 2025இல் யேல் பல்கலைக்கழகத்தில் நான்கு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான 26 குழந்தைகளை, விழித்திருக்கும்போதே எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வைத்துப் படங்களைக் காட்டினார்கள். ஒரு படத்தை முதல்முறை பார்க்கும்போது ஹிப்போகேம்பஸ் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததோ, அந்த அளவுக்கு அதே படத்தைப் பிறகு புதுப் படத்தோடு சேர்த்துக் காட்டியபோது குழந்தை கூடுதல் நேரம் பார்த்தது. ஒரு வயதைக் கடந்த குழந்தைகளிடம் இது தெளிவாகத் தெரிந்தது. அதாவது, பதிவு நடக்கிறது. "என்ன தெரியப் போகுது" என்று சொல்ல இனி இடமில்லை.

பதிவானதைப் பிறகு எடுத்துச் சொல்ல என்ன வேண்டும்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு வருகிறது. நியூசிலாந்தின் டுனடின் நகரில் கேப்ரியல் சிம்காக், ஹார்லீன் ஹெய்ன் என்ற இருவரும் 'சுருக்கும் மாய இயந்திரம்' ஒன்றைச் செய்தார்கள். பெரிய பெட்டி. குழந்தை ஒரு நெம்புகோலை இழுத்தால் விளக்குகள் எரியும். மேலே உள்ள வாயில் ஒரு பொம்மையைப் போட்டு, பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் வேடிக்கையான சத்தங்கள் வரும். பிறகு கீழே உள்ள கதவைத் திறந்தால் அதே பொம்மை குட்டியாகச் சுருங்கி வெளியே வரும். இரண்டே கால் வயதிலிருந்து மூன்றே கால் வயது வரையுள்ள குழந்தைகள் வீட்டிலேயே இதை வைத்து விளையாடினார்கள். அன்று ஒவ்வொரு குழந்தைக்கும் எந்தெந்தச் சொற்கள் தெரியும் என்று குறித்துக்கொண்டார்கள்.

ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துப் போய்க் கேட்டார்கள். இடையில் குழந்தைகள் நிறையப் பேசக் கற்றிருந்தார்கள். படங்களைக் காட்டினால் சரியானதைத் தொட்டார்கள், இயந்திரத்தைக் கொடுத்தால் இயக்கிக் காட்டினார்கள். ஆனால் வாயால் சொல்லச் சொன்னபோது, விளையாடிய அன்று தெரியாதிருந்த ஒரு சொல்லைக்கூட எந்தக் குழந்தையும் அந்த நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தவில்லை. புதிதாகக் கற்ற சொல், பழைய நினைவின் மேல் போய் உட்காரவில்லை.

என் தங்கை மகளிடம் இதை நேரிலேயே பார்த்தேன். அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் ஊர். இரண்டரை வயதில் வந்திருந்தபோது அவளைப் பம்பு செட்டுக்குக் குளிக்கத் தூக்கிப் போனோம். தண்ணீர் விழும் வேகத்தைப் பார்த்து முதலில் அலறி, பிறகு வெளியே வர மறுத்தாள். பம்பு செட்டு, தொட்டி, மோட்டார் எதுவும் அப்போது அவள் வாயில் வராத சொற்கள். அடுத்த கோடையில் மணி மணியாகப் பேசினாள். "போன வருஷம் ஊர்ல என்னம்மா பண்ணினே?" என்று கேட்டால் உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் வயலுக்குப் போனதும் யாரும் சொல்லாமலே தொட்டியைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் விழும் பக்கம் ஓடி, பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. சொல்லத்தான் சொல் இல்லை.

இதிலிருந்து பெற்றோருக்குக் கிடைக்கும் முதல் வேலை எளியது. ஊரில் இருக்கும்போதே பெயர் சொல்லிக் கொடுங்கள். இது தார்சா, இது பட்டாசல், இது அடுக்களை, இது தொழுவம். அதோ வைக்கோல் படப்பு. இது ஆற்றுப் படித்துறை. நகரத்தில் வளரும் பிள்ளைக்கு இவற்றில் பாதி, வேறெங்கும் கிடைக்காத சொற்கள்.

ஆனால் பெரியவர் மட்டும் பேசிக்கொண்டே போனால் போதாது. அமெரிக்காவில் டெஸ்லர், நெல்சன் என்ற இரு ஆய்வாளர்கள், மூன்று வயதைத் தாண்டிய குழந்தைகளைத் தாயோடு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். சுற்றிப் பார்க்கும்போது இருவரும் பேசியதையெல்லாம் பதிவு செய்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, தாயும் பிள்ளையும் சேர்ந்து பேசிக்கொண்ட பொருள்களைத்தான் குழந்தைகள் நினைவிலிருந்து சொன்னார்கள். தாய் மட்டும் சுட்டிக்காட்டியதும், குழந்தை மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டதும் நினைவில் வரவில்லை. இதை நான் வேத வாக்காக எடுத்துக்கொள்கிறேன். பிள்ளை ஆட்டுக்குட்டியைக் காட்டி "ஆ... ஆ..." என்றால், கைபேசியை எடுத்துப் படம் பிடிப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் குனிந்து, "ஆமா, ஆட்டுக்குட்டி. அது ஏன் கத்துது? அம்மாவைத் தேடுதோ?" என்று கேளுங்கள். படத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பேச்சு பிறகு கிடைக்காது.

பிள்ளை இப்படிப் பேச வேண்டுமானால் அதற்கு மனமும் உடம்பும் நிலைகொள்ள வேண்டும். போன முதல் நாளிலேயே இது கெட்டுப்போவதுண்டு.

வாசலில் இறங்கியதும் ஆச்சி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவருவாள். பிள்ளை வீறிடும். ஆச்சிக்கு முகம் சுண்டிப்போகும். "என்னையப் பேயைப் பாத்த மாதிரி பாக்கானே!" உடனே நாலு பேர் சேர்ந்து, "ஆச்சிகிட்டப் போ, போ" என்று பிள்ளையைப் பிடுங்கி நீட்டுவார்கள். அழுகை இரட்டிப்பாகும். இந்தக் காட்சியை எத்தனை வீடுகளில் பார்த்தாலும் எனக்கு இரண்டு பேர் மேலும் இரக்கம் வரும். குழந்தை, எட்டு ஒன்பது மாதத்தை ஒட்டித் தன்னைச் சேர்ந்த முகங்களையும் மற்ற முகங்களையும் உறுதியாகப் பிரித்தறியத் தொடங்குகிறது. அந்நிய முகத்துக்கு அழுவது அந்த வளர்ச்சியின் அடையாளம். ஆச்சியை அது வெறுக்கவில்லை. இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

புதிய ஒன்றைப் பார்க்கும்போது அந்த வயதுக் குழந்தை என்ன செய்யும் என்று 1985இல் வெளியான ஒரு சோதனை காட்டியது. கண்ணாடி மேசை ஒன்று. கண்ணாடிக்குக் கீழே ஓரிடத்தில் பள்ளம் இருப்பதுபோல் தெரியும். ஒரு வயதுக் குழந்தை தவழ்ந்து வந்து, பள்ளத்தின் விளிம்பில் நின்று, எதிரே இருக்கும் தாயின் முகத்தைப் பார்க்கும். தாய் சிரித்த முகமாக இருந்தபோது 19 குழந்தைகளில் 14 கடந்து வந்துவிட்டன. தாய் பயந்த முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை. பிள்ளைக்கு ஆச்சி நல்லவள் என்று தெரிவது தாயின் முகத்திலிருந்து. ஆகவே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே தாய் முதலில் ஆச்சியைக் கட்டிக்கொள்ளட்டும், சிரித்துப் பேசட்டும். ஆச்சி பிள்ளையைப் பார்க்காததுபோல் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆயட்டும். கொஞ்ச நேரத்தில் பிள்ளையே போய் ஒரு இணுக்கை இழுக்கும்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தினமும் ஆச்சியோடு வீடியோவில் பேச வைப்பதும் உதவும். ஒரு வயது முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளிடம் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வாரம் நேரடி வீடியோ அழைப்பில் பழகிய ஆளைக் குழந்தைகள் பிறகு நேரில் அடையாளம் கண்டு நெருங்கின. முன்பே பதிவு செய்த வீடியோவைப் பார்த்த குழந்தைகளிடம் அது நடக்கவில்லை. திரையில் இருப்பவர் குழந்தையின் சிரிப்புக்குச் சிரித்து, குரலுக்குக் குரல் கொடுத்தால்தான் அது பழக்கம்.

வழிப்பயணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஓடும் வண்டியில் வாந்தி வருவது இரண்டு வயதுக்கு முன் அரிது. பிறகு கூடி, பன்னிரண்டு வயதுக்கு மேல் பெரும்பாலும் குறைந்துவிடும். வண்டி வளைவதும் குலுங்குவதும் உள்காதுக்குத் தெரிகிறது. கைபேசியிலோ முன் இருக்கையிலோ பதிந்திருக்கும் கண், அசைவே இல்லை என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது குமட்டுகிறது. பிள்ளையின் கண்ணைச் சாலைக்கு அப்பால் தூரத்து மலை மேலும் மரத்தின் மேலும் திருப்பினால் பாதித் தொல்லை தீரும். கைபேசியைக் கொடுத்து அடக்குவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. ஏறுமுன் வயிறு முட்ட ஊட்டவும் வேண்டாம். மாத்திரை தருவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தரக் கூடாது.

வயிற்றுப்போக்கு இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது. குழந்தையின் உடம்பு சிறியது, அதில் நீரின் பங்கு பெரியவர்களைவிட அதிகம், இழப்பும் வேகமாக நடக்கும். பெட்டியில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கட்டாயம் இருக்கட்டும். 1971இல் வங்கதேசப் போரின்போது, பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பு வழியே ஏற்றும் சலைன் புட்டிகள் தீர்ந்துபோன நேரத்தில், உப்பையும் சர்க்கரையையும் நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார் டாக்டர் திலீப் மகலனாபிஸ். குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒன்றாகவே உள்ளே நுழைகின்றன. பின்னாலேயே நீரும் போகிறது. உப்பு, சர்க்கரை, நீர் ஆகியவற்றின் அளவு பிசகினால் மருந்து வேலை செய்யாது. ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் தூளைப் போட்டுக் கலக்கக் கூடாது. பழச்சாறும் குளிர்பானமும் இதற்கு ஈடாகாது. அவற்றில் மிகும் சர்க்கரை, குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சிறுநீர் குறைந்தாலோ, கண் குழிந்தாலோ, பிள்ளை துவண்டு படுத்தாலோ வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இனி, திரும்பி வந்த பிறகு. முன்னே சொன்ன அந்த நான்கைந்து வருடங்கள் இங்கே தொடங்குகின்றன. பெரும்பாலான வீடுகளில் பயணம், பெட்டியைக் காலி செய்வதோடு முடிந்துவிடுகிறது. என் கருத்தில் பயணத்தின் முக்கியமான பாதி அதற்குப் பிறகுதான்.

ராபின் ஃபிவுஷ், எலைன் ரீஸ் ஆகியோர் பெற்றோர் பிள்ளைகளோடு பழைய சம்பவங்களை எப்படிப் பேசுகிறார்கள் என்று பல ஆண்டுகளாகக் கவனித்தவர்கள். ஒரு வகைப் பெற்றோர் இப்படிக் கேட்பார்கள்: "ஊர்ல யாரைப் பாத்தே? சொல்லு. யாரைப் பாத்தே? அங்கிள் கேக்குறாங்கல்ல, சொல்லு." இது பரீட்சை. பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். இன்னொரு வகை இப்படி: "ஆச்சி வீட்டுத் தொழுவத்துல வெள்ளைக் கன்னுக்குட்டி ஒண்ணு உன் சட்டையை நக்குச்சே, அப்ப நீ என்ன செஞ்சே?" பிள்ளை "ஈரம்" என்று ஒரே ஒரு சொல் சொல்லும். "ஆமா, சட்டையெல்லாம் ஈரமாயிடுச்சு. நீ அழுதியா, சிரிச்சியா? தாத்தா வந்து என்ன சொன்னாரு?" பிள்ளை கொடுத்த ஒரு சொல்லை வாங்கி, அதில் இன்னொன்றைச் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பது. டுனடினில் இப்படிப்பட்ட உரையாடல்களைச் சிறு வயதில் பதிவு செய்து, அதே பிள்ளைகளைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மீண்டும் கண்டு, முதல் நினைவு எது என்று கேட்டார்கள். இரண்டாம் வகைத் தாய்மாரின் பிள்ளைகளுக்கு முதல் நினைவு இன்னும் இளம் வயதிலேயே இருந்தது. 2009இல் வெளியான முடிவு இது.

இன்னொரு சான்றும் நியூசிலாந்திலிருந்தே வருகிறது. அங்குள்ள ஐரோப்பிய வம்சாவளியினரின் முதல் நினைவு சராசரியாக மூன்றரை வயதை ஒட்டியும், ஆசிய வம்சாவளியினருடையது ஐந்தை நெருங்கியும் இருக்க, பூர்வகுடிகளான மாவோரி மக்களுடையது மூன்று வயதுக்கும் முன்னால் போகிறது. மாவோரிப் பண்பாட்டில் குடும்பத்தின் கடந்தகாலத்தையும் முன்னோரையும் பிள்ளைகள் காதில் ஓதிக்கொண்டே இருப்பார்கள். காரணம் அதுவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிள்ளையின் முதல் நினைவு எந்த வயதில் நிற்கும் என்பதில் வீட்டுப் பேச்சுக்கு இவ்வளவு பங்கு இருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. அடிக்கடி சொல்லிச் சொல்லி நாமே ஒரு பொய் நினைவைப் பிள்ளை மனத்தில் நட்டுவிட மாட்டோமா? நடக்கக் கூடியதுதான். பிரிட்டனில் 6,600க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2018இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 40 சதவீதம் பேர் இரண்டு வயதிலோ அதற்கும் முன்னாலோ நடந்ததைத் தங்கள் முதல் நினைவாகச் சொன்னார்கள். இவற்றில் பல, குடும்பத்தார் சொன்ன கதைகளும் பழைய புகைப்படங்களும் கலந்து உருவானவையாக இருக்கும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதாக இருந்தால் இது பெரிய குறை. தாத்தா தோளில் ஏறிப் பார்த்த தேரோட்டத்துக்கு இது குறை என்று நான் நினைக்கவில்லை. அந்த நினைவில் பாதி பிள்ளையுடையது, பாதி அம்மா சொன்னது. குடும்ப நினைவுகள் பலவும் இப்படிச் சேர்ந்து உண்டானவைதான். நடக்காததைச் சேர்க்காமல் இருந்தால் போதும்.

ஒருமுறை போய்வந்தால் மட்டும் நிற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கரோலின் ரோவி-கோலியர் என்ற அமெரிக்க உளவியலாளர் மூன்று மாதக் கைக்குழந்தையின் காலில் ஒரு ரிப்பனைக் கட்டி, அதன் மறுமுனையைத் தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மையில் முடிந்தார். காலை உதைத்தால் பொம்மை ஆடும். குழந்தை சில நிமிடத்தில் இதைக் கண்டுபிடித்து உதைக்கத் தொடங்கியது. ஒரு வாரம் வரை நினைவிருந்தது, இரண்டு வாரத்தில் மறந்துவிட்டது. ஆனால் சோதனைக்கு முந்தின நாள் அந்தப் பொம்மை ஆடுவதைக் கொஞ்ச நேரம் வெறுமனே காட்டினாலே போதும், மறுநாள் குழந்தை பழையபடி உதைத்தது. மறந்துபோன ஒன்று சின்னத் தூண்டுதலில் திரும்பியது. தொட்டிலைச் சுற்றிக் கட்டிய துணியின் கோலத்தை மாற்றியபோது நினைவு தடுமாறவும் செய்தது. இடமும் நினைவோடு சேர்ந்தே பதிகிறது. அடுத்த வருடம் அதே வீடு, அதே படித்துறை, அதே தொட்டி. என் தங்கை மகளுக்குத் தண்ணீர் விழும் பக்கத்தைக் காட்டிக் கொடுத்ததும் அந்த இடம்தானே?

சொல்லே தேவைப்படாமல் தங்கும் வேறு சிலவும் உண்டு. முதலாவது பேச்சின் ஒலி. ஆறு மாதக் குழந்தை உலகத்தின் எந்த மொழி ஒலியையும் வேறுபடுத்தும். ஒரு வயதுக்குள் தன் காதில் விழாத மொழிகளின் ஒலிகளைப் பிரித்தறியும் திறன் குறையத் தொடங்கும். 2003இல் பட்ரீஷியா குல், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைச் சீன மொழி பேசுபவர்களோடு பன்னிரண்டு முறை விளையாட விட்டார். குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் தொலைக்காட்சித் திரையில் என்றபோது ஒன்றும் ஏறவில்லை. வீட்டிலும் காப்பகத்திலும் ஆங்கிலமே புழங்கும் பிள்ளைக்கு, லகர ளகர ழகரம் ஆச்சி மடியில் ஏறுவதுபோல் கார்ட்டூனில் ஏறாது.

இரண்டாவது வாசனை. சுவீடனில் 65 முதல் 80 வயது வரையுள்ள முதியவர்களிடம் சொற்களையும் படங்களையும் காட்டி, அவை கிளப்பும் நினைவுகளைக் கேட்டார்கள். பெரும்பாலானவை பத்து வயதுக்கு மேற்பட்ட பருவத்தவை. வாசனைகளை முகரக் கொடுத்தபோது பத்து வயதுக்கு உட்பட்ட நினைவுகள் கிளம்பின. மற்றப் புலன்களின் செய்தி ஒரு இடைநிலையம் வழியாகத்தான் மூளையின் மேற்பகுதிக்குப் போகும். முகர்வின் செய்தியோ உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு நேரே போய்ச் சேர்கிறது. நெல் அவிக்கும் ஆவி, தொழுவத்தின் சாணி வாடை, ஆச்சி சேலையில் ஒட்டியிருக்கும் வெற்றிலையும் திருநீறும் கலந்த மணம். இவற்றிலிருந்து தள்ளி நின்று மூக்கைப் பிடித்துக்கொள்ளப் பிள்ளையைப் பழக்காதீர்கள். எழுபது வயதில் ஊரைத் திறந்து காட்டப் போவது அவையாக இருக்கலாம்.

இதையெல்லாம் படிக்கும் இளம் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். பிள்ளை பெரியதாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிள்ளை வளர்வது நிச்சயம், ஆச்சியும் தாத்தாவும் அதுவரை நடமாடிக்கொண்டிருப்பது நிச்சயமில்லை. நாலு இடம் பார்க்கத் திட்டம் போடாமல் ஒரே வீட்டில் நாலு நாள் தங்குங்கள். திரும்பி வந்ததும் சில படங்களையாவது அச்சுப் போட்டு, பின்னால் யார் யார் என்று எழுதி, பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை ஆச்சியைப் போனில் கூப்பிட்டு, "அன்னைக்குக் கன்னுக்குட்டி என்ன செஞ்சது, சொல்லுங்க" என்று கேட்டு, பிள்ளையையும் பேச விடுங்கள். அடுத்த வருடமும் போங்கள்.

ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகத் திறக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் கிடையாது.